"வெள்ளத்துக்குக் காலநிலை மாற்றம்தான் காரணம்" என்று கடிதம் வந்திருக்கிறது. ஐயாவின் குளத்துக் கொப்பி நீதிமன்றத்தில் எடுபடுமா?

கேள்வி: ஒட்டுசுட்டான் ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே. குளத்து வானால் (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கட்டு) பாயும் தண்ணீர் ஒரு சிற்றாறாக இறங்கி எங்கள் வயலோரமாகப் போகும். 2022 மாசி மாதத்திலிருந்து அந்த ஆற்றில் மணல் அள்ளுகிறார்கள். அனுமதி இருக்கிறது என்று சொன்னார்கள், பத்திரத்தை நாங்கள் கண்டதில்லை. முதலில் பகலில் இரண்டு டிப்பர் வந்தது. பிறகு இரவிலும் வந்தன. எங்கள் கரையில் இரண்டு மருத மரங்கள் நின்றன. அவற்றின் அடிமண் கரைந்து வேர் வெளியே தொங்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்த வேருக்குள் புகுந்து ஒளித்துப்பிடித்து விளையாடும் அளவுக்குப் பள்ளம்.

2024 நவம்பர் 27 இரவு அந்தக் கரை போனது. மருது இரண்டும் சரிந்து ஆற்றுக்குக் குறுக்கே விழ, ஆறு எங்கள் வயலுக்குள் திரும்பியது. தண்ணீர் வடிந்த பிறகு இறங்கிப் பார்த்தேன். ஒன்றரை மாதப் பயிர். அதற்கு மேல் முழங்கால் அளவு மணல். கையால் கிண்டினால் பயிரின் நுனி அகப்பட்டது, அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது. இரண்டு ஏக்கர் அப்படியே போய்விட்டது.

கமக்காரர் அமைப்பு மூலம் பெட்டிசம் கொடுத்தோம். பதில் இல்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மிச்சக் கரையையும் அரித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் ஒரு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சாரம் இதுதான்: காலநிலை மாற்றத்தால் ஏற்பட்ட அசாதாரண மழையே சேதத்துக்குக் காரணம், மணல் அகழ்வோடு அதைத் தொடர்புபடுத்த விஞ்ஞான ஆதாரம் இல்லை.

அந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. காலநிலை மாற்றம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்புக்கு அதைப் படிப்பிப்பவள் நான். உண்மையான ஒரு விஷயத்தை எடுத்து வந்து எங்கள் வாயை அடைக்கிறார்களே என்பதுதான் தாங்க முடியவில்லை.

என்னிடம் ஒரு ஆதாரம் இருக்கிறது. அது ஆதாரம்தானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஐயா கமக்காரர் அமைப்பின் செயலாளராக இருந்தவர். 1996இலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியில் குளத்துக் கணக்கு எழுதி வந்தார். எந்தத் திகதியில் துருசு (குளத்து மதகு) திறந்தது, எந்தத் திகதியில் பூட்டியது, எப்போது வான் பாயத் தொடங்கியது, வான் கட்டுக்கு மேலே தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை நாள் பாய்ந்தது, எல்லாம் இருக்கிறது. உயரத்தை அளக்க வானோரத் தூணில் தார் பூசி அங்குலக் கோடு போட்டிருந்தார். 2008 கார்த்திகையோடு எழுத்து நிற்கிறது. போரில் இடம்பெயர்ந்தபோது கொப்பியை உரப்பைத் துண்டில் சுற்றி, அம்மாவின் சீலைகளுக்குள் வைத்துக் கொண்டு போனோம். அதன் ஓரத்தில் இன்றைக்கும் மண்கறை இருக்கிறது. 2010 மார்கழியில் எழுத்து மீண்டும் தொடங்குகிறது. ஐயா 2021இல் காலமானார். அதற்குப் பிறகு அதே கொப்பியில் நான் எழுதுகிறேன்.

இப்போது இரண்டு பதிவுகளைப் பாருங்கள்.

ஐயாவின் எழுத்தில்: 2018 டிசம்பர் 22, விடிய 3 மணி, வானுக்கு மேல் 2 அடி 4 அங்குலம். துருசு பூட்டு.

என் எழுத்தில்: 2024 நவம்பர் 27, இரவு 11 மணி, வானுக்கு மேல் 1 அடி 7 அங்குலம்.

2018 வெள்ளம் என்னவென்று வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டும் ஒரே இரவில் தண்ணீருக்குள் போனது. அந்த வெள்ளத்தில் எங்கள் வயலில் தண்ணீர் நின்று வடிந்தது, கரை அசையவில்லை, அந்தப் போகம் அறுவடையும் செய்தோம். அதைவிடக் குறைந்த வெள்ளத்தில்தான் கரை உடைந்தது. இரண்டுக்கும் நடுவில் நடந்தது மணல் அள்ளியது ஒன்றுதான்.

ஒரு செத்துப்போன மனுசனின் கொப்பியை நீதிமன்றம் ஏற்குமா? எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்? "காலநிலை மாற்றம்" என்று அவர்கள் சொன்னால் நாங்கள் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: வவுனியா சட்டத்தரணி

ரீச்சர், உங்கள் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு முதலில் ஒரு அவசரத்தைச் சொல்லிவிடுகிறேன். நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதானால் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி இரண்டு ஆண்டுதான் அவகாசம். 2024 நவம்பர் 27 சேதத்துக்கு அது 2026 நவம்பரோடு முடிந்துவிடும். பெட்டிசத்துக்குப் பதில் வரும் என்று காத்திருந்து இந்தத் திகதியைத் தவறவிட்ட கமக்காரர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம், அது பழைய சேதத்துக்குப் போய்விட்டது. ஆனால் அகழ்வு இன்னும் நடக்கிறது என்றால் வேறு வழிகள் திறந்திருக்கின்றன. பொதுத்தொல்லை என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி நீதவானிடம் போகலாம். இதுதான் கிட்ட, செலவும் குறைவு. அனுமதியையே சவாலுக்கு உட்படுத்துவதென்றால் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனு. ஆனால் ரிட் மனுவில் இரண்டு பக்கமும் வேறு வேறு கதை சொன்னால் நீதிமன்றம் உட்கார்ந்து சாட்சி கேட்டு எது உண்மை என்று தேடாது. அங்கே கடதாசிதான் பேசும்.

ஆகவே முதலில் கடதாசியை எடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். அனுமதிப் பத்திரம், அதன் நிபந்தனைகள், கள ஆய்வு அறிக்கை. எவ்வளவு ஆழம் தோண்டலாம், கரையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் நிபந்தனையில்தான் வரும். இன்னொன்று வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும்: 2018, 2024, 2025 நாள்மழை அளவுகள். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அத்தாட்சிப்படுத்திய பிரதியாகக் கேளுங்கள்.

இனி ஐயாவின் கொப்பி. எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 32ஆம் பிரிவைப் பாருங்கள். இறந்துபோன ஒருவர் தன் தொழில் அல்லது கடமையின் வழமையான போக்கில் எழுதிவைத்த குறிப்பு சாட்சியமாக வரலாம். செயலாளராக இருந்து ஆண்டுக்கணக்காக, வழக்கு எதுவும் இல்லாத காலத்தில், ஒரே விதமாக எழுதியிருக்கிறார். அதுதான் அதன் பலம். எழுத்து ஐயாவினுடையதுதான் என்று அவருடைய கையெழுத்தைப் பழகியவர் யாரும் சொல்லலாம், நீங்களே சொல்லலாம். 2024 பதிவுக்கு நீங்கள் நேரடிச் சாட்சி. ஒரு விஷயம்: கொப்பியில் இனி ஒரு புள்ளிகூடத் திருத்தாதீர்கள். மை மங்கியிருந்தாலும் அதன் மேல் எழுத வேண்டாம். இடம்பெயர்ந்த காலத்து இடைவெளியும் அப்படியே இருக்கட்டும். வன்னியில் 2009ஐத் தாண்டி வந்த ஒரு கொப்பியில் இடைவெளி இல்லாவிட்டால்தான் சந்தேகம் வரும்.

கடைசிக் கேள்வி. வழக்கில் அவர்கள் இதைக் "கடவுள் செயல்" என்ற எதிர்வாதமாகத்தான் கொண்டுவருவார்கள். அந்த எதிர்வாதம் நிற்க வேண்டுமென்றால், யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத நிகழ்வு என்று காட்ட வேண்டும். 2018 வெள்ளத்தைக் கண்ட மாவட்டத்தில் 2022இல் அனுமதி கொடுத்தவர்கள் அப்படிச் சொல்ல முடியுமா? காலநிலை மாறி மழை பலக்கிறது என்று தெரிந்தால், கரையைத் தொடுமுன் இன்னும் கூடுதலாகக் கவனித்திருக்க வேண்டும். அவர்களுடைய கடிதம் அவர்களுக்கே எதிரான கடதாசி. அதைப் பத்திரமாக வையுங்கள், உறையையும் எறிய வேண்டாம்.

சுன்னாகத்தில் மின் நிலையத்து எண்ணெய் கிணறுகளில் கலந்தது பற்றிய நிலத்தடி நீர் வழக்கை ஒருமுறை வாசியுங்கள். 2019 ஏப்ரல் 4 உயர் நீதிமன்றத் தீர்ப்பு. அங்கேயும் மாசு இல்லை என்று சொன்ன நிபுணர் குழு அறிக்கை இருந்தது. ஆனால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கிணறு கிணறாக எடுத்த மாதிரிகளின் முடிவுகளும் இருந்தன. கடைசியில், மாசுபடுத்தியவர் செலவைத் தாங்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா கட்ட வேண்டி வந்தது. பெரிய பேச்சைவிட இந்தக் கிணற்றில், இந்தத் திகதியில், இவ்வளவு எண்ணெய் என்ற கணக்குத்தான் அந்த வழக்கைத் தூக்கி நிறுத்தியது.

பதில்: ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர்

பிள்ளை, உங்கள் ஐயா செய்த காரியத்தின் பெறுமதி உங்களுக்கு முழுதாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அவர் எழுதியது வெறும் உயரமில்லை. வான் என்பது ஒரு அளவைக் கருவி. கட்டுக்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று தெரிந்தால், வானின் நீளத்தையும் வைத்து ஒரு வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் பாய்ந்தது என்று கணக்கிட்டுவிடலாம். ஓட்டம் உயரத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப மாறும். இது எல்லா நீரியல் பாடப்புத்தகத்திலும் உள்ள சூத்திரம், எந்த நிபுணரும் மறுக்க மாட்டார்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 2018இல் 28 அங்குலம், 2024இல் 19 அங்குலம். பத்தொன்பதை இருபத்தெட்டால் பிரித்தால் 0.68. அதன் ஒன்றரை அடுக்கு 0.56. வான் ஒன்றேதான், ஆகவே நீளம் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுவிடும். அதாவது 2018 வெள்ளத்தின் பாதிக்குச் சற்றுக் கூடின தண்ணீரில் உங்கள் கரை உடைந்திருக்கிறது. உயரத்தை மட்டும் பார்த்தால் மூன்றில் இரண்டு என்று தோன்றும், ஓட்டத்தைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது.

ஆனால் எதிர்ப்பக்கத்துப் பொறியியலாளராக நான் இருந்தால் எங்கே குத்துவேன் என்றும் சொல்ல வேண்டும். 2018 பதிவில் "துருசு பூட்டு" என்று இருக்கிறது, 2024இல் நீங்கள் எழுதவில்லை. துருசும் திறந்திருந்தால் உங்கள் கணக்கு குறையும். அடுத்தது, வானுக்கும் வயலுக்கும் இடையில் வேறு ஓடை ஏதும் வந்து சேருகிறதா? சேர்ந்தால் அந்த ஓடைத் தண்ணீர் உங்கள் கொப்பியில் இல்லை. 2018க்கும் 2024க்கும் இடையில் வான் கட்டை யாரும் உயர்த்தினார்களா என்பதையும் பாருங்கள். ஒரு அங்குலம் கொங்கிறீட் போட்டாலும் கணக்கு மாறும்.

மணல் தோண்டினால் கரை ஏன் உடைகிறது என்பதையும் நீதவானுக்கு விளங்க வைக்க வேண்டும். ஆற்றுப் படுகையில் குழி விழுந்தால் தண்ணீர் அந்தக் குழிக்குள் அருவி மாதிரி இறங்கும். இறங்குகிற இடத்தில் படுகை அரிபட்டு, அந்த அரிப்பு மேல்நோக்கி ஏறிக்கொண்டே போகும். படுகை ஆழமானால் கரை உயரமாகும், செங்குத்தாகும், அடியில் பிடிமானம் இருக்காது. மருத வேர் வெளியே தொங்கியது அதன் அடையாளம். 2022, 2023இல் அந்த மரத்தடியில் யாராவது எடுத்த படம் இருக்கிறதா? பிள்ளைகளின் பிறந்தநாள் படமாக இருந்தாலும் பரவாயில்லை. மூலக் கோப்பைத் தேடி எடுங்கள், அதில் திகதி இருக்கும். சென்ரினல் செய்மதிப் படங்கள் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு புள்ளி 10 மீற்றர் என்பதால் சிற்றாறு மங்கலாகத்தான் தெரியும், ஆனால் டிப்பர் பாதையும் வெட்டிய வெளியும் தெரியும்.

இப்போது காலநிலை. இதில் அவசரப்பட்டு வாய் விடக் கூடாது. வெப்பநிலை 1 பாகை கூடினால் காற்று 7% அளவு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் கனமழை இன்னும் கனக்கிறது. இது உறுதியான பௌதிகம். உலகம் ஏற்கெனவே ஒரு பாகைக்கு மேல் சூடாகிவிட்டது. ஒரு குறிப்பிட்ட பெருமழையில் சூடாதலின் பங்கு எவ்வளவு என்று மாதிரிகளை ஓடவிட்டுக் கணக்கிடும் துறையும் வளர்ந்திருக்கிறது. ஆனால் அது பெரும் பிரதேசங்களுக்குப் பொருந்தும். உங்கள் குளத்துக்கு மேலே பெய்த மழைக்கு அப்படி ஒரு எண்ணைச் சொல்ல வன்னியில் நீண்ட மழைப் பதிவு வேண்டும், போர்க்காலத்தில் அது பல இடங்களில் அறுந்துபோனது. செய்மதி மழைத்தரவு 1981 வரை பின்னால் போகிறது, ஒரு கட்டம் 5 கிலோமீற்றர். பெருமழையை அது குறைத்துக் காட்டும் பழக்கம் உண்டு.

அதனால் என் புத்தி இதுதான்: அந்தக் கொப்பியைக் காலநிலைக்குச் சாட்சியாக நிறுத்தாதீர்கள். 30 ஆண்டுத் தொடர்ச்சி இல்லாமல் காலநிலைப் போக்கு என்று பேச வெளிக்கிட்டால் முதல் குறுக்கு விசாரணையிலேயே கிழித்துவிடுவார்கள். ஆற்றுக்குச் சாட்சியாக நிறுத்துங்கள். மழை கூடியதா குறைந்ததா என்பதை விட்டுவிட்டு, கரையைத் தொட்ட தண்ணீர் எவ்வளவு என்பதை மட்டும் அது சொல்லட்டும்.

பதில்: ஹம் நகரத்திலிருந்து ஒரு முத்தையன்கட்டான்

ரீச்சர், நான் ஜெர்மனியில் ஹம் நகரில் இருக்கிறேன். காமாட்சி அம்பாள் கோயில் இருக்கும் ஊர் என்றால் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். தேருக்குப் போகும் ஊரில்தான் ஒரு மேல்நீதிமன்றமும் இருக்கிறது. அங்கே நடந்த ஒரு வழக்கு உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

பெரு நாட்டில் உவாராஸ் என்ற ஊர். ஊருக்கு மேலே மலையில் பல்கக்கோச்சா என்ற பனிக்குளம். 1941இல் அது உடைத்து ஊரை அடித்துக்கொண்டு போனது. அங்கே கமம் செய்யும், மலை வழிகாட்டியாகவும் இருக்கும் சவுல் லுசியானோ லியூயா என்பவர், சூட்டால் பனி உருகிக் குளம் பெருக்கிறது, அந்தச் சூட்டில் உங்கள் பங்கும் இருக்கிறது என்று 2015இல் ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.ஈ. மின் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். உலகத்தின் மொத்த வெளியேற்றத்தில் அந்த நிறுவனத்தின் பங்கு 0.47% என்று சொல்லி, குளத்துப் பாதுகாப்புச் செலவில் அந்தப் பங்கை மட்டும் கேட்டார், ஏறக்குறைய 17,000 யூரோ. 2022இல் நீதிபதிகளும் நிபுணர்களும் பெருவுக்கே போய்க் குளத்தைப் பார்த்தார்கள்.

2025 மே 28 தீர்ப்பு. பெரிய வெளியேற்றக்காரர்களைக் கோட்பாட்டளவில் பொறுப்பாக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. உலகம் முழுக்க அதைப் பெரிய வெற்றி என்று எழுதினார்கள். ஆனால் அந்த மனிதரின் வழக்கு தள்ளுபடி. காரணம் என்ன? அடுத்த 30 ஆண்டில் குளத்து வெள்ளம் அவருடைய வீட்டை வந்து அடையும் வாய்ப்பு 1% அளவுதான் என்று நீதிமன்றம் நியமித்த நிபுணர் கணக்குச் சொன்னார். உலக விஞ்ஞானம் அவருக்குக் கைகொடுத்தது, அவருடைய வீட்டு வாசல் கணக்கு கைகொடுக்கவில்லை.

உங்களிடம் இருப்பது அந்த வாசல் கணக்கு. விடாதீர்கள். பிரதி எடுக்க, நிலஅளவையாளருக்குக் கொடுக்கக் காசு தேவையென்றால் இங்கே எங்கள் ஊர்ப் பொடியள் பத்துப் பேர் இருக்கிறோம்.

பதில்: வவுனிக்குளம் கமக்காரன்

பிள்ளை, எனக்குச் சட்டம் தெரியாது. உங்கள் குளக்கட்டில் பிள்ளையார் இருப்பார்தானே? எங்கள் பக்கம் வான் பாய்ந்தால் கட்டுப் பிள்ளையாருக்குப் பொங்குவோம். அரிசி, தேங்காய், கற்பூரம் வாங்கின கணக்கைக் கோயில் கொப்பியில் திகதி போட்டு எழுதுவோம். உங்கள் கோயிலிலும் அப்படி ஒன்று இருந்தால் ஐயாவின் கொப்பிக்கு அது இரண்டாவது சாட்சி. அதை எழுதினவருக்கு உங்கள் வழக்கோடு ஒரு சம்பந்தமும் இல்லை, அது நல்லது.

கேள்வி கேட்டவர்: ஒட்டுசுட்டான் ரீச்சர்

எல்லாருக்கும் கும்பிட்டுச் சொல்கிறேன், நன்றி. மூன்று நாளாக இதே அலுவல்தான்.

வவுனிக்குளம் அண்ணை, நீங்கள் சொன்னது சரி. கோயில் கணக்குக் கொப்பி ஐயரின் மருமகனிடம் இருந்தது. 2018 டிசம்பரில் தேங்காய், பச்சையரிசி, சர்க்கரை வாங்கின கணக்கு, பக்கத்தில் "வான் பாய்ந்த பொங்கல், வெள்ளத்தால் ஒரு கிழமை பிந்தியது" என்று எழுதியிருக்கிறது. 2024க்கு எதுவும் இல்லை. அந்த முறை ஒருவரும் பொங்கவில்லை. கரை உடைந்து கிடக்க யாருக்கு மனம் வரும்?

பொறியியலாளர் ஐயா, வான் கட்டை யாரும் தொடவில்லை. ஐயா தார் பூசிய கோடுகள் தூணில் அப்படியே இருக்கின்றன, அளவுநாடாவைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்திருக்கிறேன். நீளம் 92 அடி. 2024இல் துருசு பற்றி நான் எழுதாதது என் பிழை. ஐயா ஒருநாளும் அதை விட்டிருக்க மாட்டார். அன்று பின்னேரம் துருசைப் பூட்டியவர் எங்கள் ஊரில்தான் இருக்கிறார், சத்தியக் கடதாசி தரச் சம்மதித்துவிட்டார்.

மருத மரத்துப் படமும் கிடைத்தது. 2023 வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வெளிக்கிட்டு நின்றபோது தங்கச்சி எடுத்தது. முன்னால் பிள்ளைகள் புதுச் சட்டையோடு நிற்கிறார்கள், பின்னால் வேர் தொங்குகிறது, அதற்கும் பின்னால் ஒரு டிப்பரின் பாதி.

தகவல் விண்ணப்பங்கள் மூன்றையும் திங்கட்கிழமை கொடுக்கிறேன். சட்டத்தரணி அண்ணையிடம் அடுத்த சனிக்கிழமை கொப்பியோடு வருகிறேன். உரப்பைத் துண்டையும் கொண்டு வரவா?

ஓடை விஷயம்தான் மிச்சம். வானுக்குக் கீழே, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஓடை வந்து சேருகிறது. 2024 நவம்பர் 27 இரவு அந்தப் பாலத்தடியில் உழவு இயந்திரத்தோடு ஒருவர் விடியும்வரை நின்றார். எங்கள் ஊர் ஆள் இல்லை, புளியங்குளப் பக்கம் நெல் ஏற்றப் போனவர் என்று சொன்னார்கள். ஓடைத் தண்ணீர் பாலத்தின் எந்தக் கல் மட்டும் வந்தது என்று கண்டவர் அவர் ஒருவர்தான். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு ஒரு தனிமடல் போடுங்கள்.